வேலிக்கு அங்காலை தள்ளுகிறவர்

கதிர்காமநாதன் என்ற பெயரைத் தங்கம்மா முதன்முதலாகக் கேட்டது தன் தங்கச்சி நேசமலருக்குக் கலியாணம் பேசிய நாளில். பேச்சுக்கால் கொண்டுவந்த தரகர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "பெடியன் கைதடிப் பக்கம். குடியில்லை, சீட்டில்லை. வீட்டு முத்தம் கண்ணாடி மாதிரிக் கிடக்கும். ஒரு சருகு விழ விடான், உடனை வேலிக்கு அங்காலை தள்ளிப்போடுவான்" என்றார். வீட்டில் எல்லாருக்கும் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டது. தங்கம்மா மட்டும், "வேலிக்கு அங்காலை ஆரின்ரை வீடு?" என்று கேட்டார். தரகர் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். வேலிக்கு அங்காலைதான் துப்பினார்.

கலியாணம் நடந்தது, வாசகரே. அதைச் சொல்ல வரவில்லை. சொல்ல வந்தது அந்தப் பிறவியைப் பற்றி. உலகத்தில் குப்பை போடுகிறவர்கள் உண்டு, குப்பை அள்ளுகிறவர்கள் உண்டு. இரண்டு பேரையும் நாம் லேசாகக் கண்டுபிடித்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் குப்பை போடவும் மாட்டார், அள்ளவும் மாட்டார். விடியப்புறம் எழும்பி முற்றம் கூட்டுவார். கூட்டியதற்கு நெருப்பு வைக்கமாட்டார், ஏனென்றால் புகை அவருடைய வீட்டுக்குள்தான் வரும். குழி வெட்டித் தாழ்க்கவும் மாட்டார், ஏனென்றால் குழி அவருடைய காணிக்குள்தான் இருக்கும். ஆகவே வேலியின் அடியில் ஒரு தென்னோலைக் கிடுகை மெல்லத் தூக்கி, விளக்குமாற்றால் ஒரு தள்ளு. பிறகு கிடுகைப் பழையபடி கட்டி, கை கால் கழுவி, திருநீறு பூசி, ஊரில் சுத்தம் குறைந்துவிட்டதைப் பற்றிக் கவலைப்படுவார்.

இவருக்குத் தள்ளுவதற்குச் சருகுதான் வேண்டும் என்றில்லை. மகள் சோதினையில் பாஸ் பண்ணினால் தன் பக்கத்து இரத்தம், பெயில் விட்டால் பெண்சாதி பக்கத்து இரத்தம். கோயில் திருவிழாவில் சோறு குழைந்துபோனால் சமையற்காரன், நல்லாய் வந்தால் சபை. மூக்கொழுகித் தடிமன் வந்தால்கூட அது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவனுடைய தடிமன். இந்தக் குணம் கதிர்காமநாதனுக்குப் பரம்பரையாக வந்தது. அவருடைய தகப்பனும் பெரிய தகப்பனும் வேலியில் நட்ட ஒரு கதியால் தடிக்காகச் சாகும்வரை முகம் பார்க்கவில்லை. பெரிய தகப்பனின் மூத்த மகள் புங்குடுதீவில் கட்டினாள், அங்கேயும் மாமியோடு வேலிச் சண்டை. இளைய மகளுக்கு வேலியே இல்லாத கடற்கரையில் வீடு கிடைத்தது. அவள் கிடுகு வாங்கி வேலி அடைத்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்கினாள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் வரைக்கும் இதனால் பெரிய மோசம் ஒன்றும் வரவில்லை. அங்கே ஆறு கிடையாது. தள்ளியது தள்ளிய இடத்தில் கிடக்கும். அயலவனும் அதைத் தன் மற்றப் பக்கத்து வேலியால் தள்ளிவிடுவான். இப்படியே போய் ஒருநாள் அது கடலில் விழுந்திருக்கும். பிழை எங்கே வந்ததென்றால், கனகராயன்குளத்துக்குக் கிட்டக் குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைத்துக் குடும்பத்தோடு வன்னிக்கு வந்தபோது, கதிர்காமநாதன் தட்டுமுட்டுச் சாமானோடு அந்த யாழ்ப்பாணத்து வேலியையும் மண்டைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். வன்னியில் தண்ணீர் நடக்கும். குளத்திலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து வயலுக்கு, வயலிலிருந்து ஓடைக்கு, ஓடையிலிருந்து அடுத்த ஊர்க் குளத்துக்கு என்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். எந்த வேலியையும் நின்று பார்க்காது.

வந்த கையோடு அவர் திட்டத்தின் மூலைக் காணியைக் கேட்டு வாங்கினார். ஏன் மூலைக் காணி? இரண்டு பக்கத்திலும் அயலவர் இல்லை, தள்ளுவதற்கு வசதி. எல்லைக்கல் அவருடைய வேலி மூலையிலேயே நின்றது. அதற்கு அங்காலை வண்டி போகிற ஒரு மண் ஒழுங்கை, சரிவில் கொஞ்சத் தூரத்தில் ஓடை. ஓடைக்குப் பக்கத்தில், எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்த மலைநாட்டுச் சனம். தங்கம்மாவுக்கும் திட்டத்தில் ஒரு காணி கிடைத்தது. தங்கச்சியைத் தனிய விடக்கூடாது என்று வந்தவர் அவர். மச்சானை ஒரு கண் பார்த்துக்கொள்ளவும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தில் ஒரே ஒரு மருந்துக்கடை, வீரகத்தியின் கடை. பூச்சிக்கு மருந்து, களைக்கு மருந்து எல்லாம் அங்கேதான். கடையின் பின்பக்கத்தில் றேடியோப் பற்றரி சார்ஜ் பண்ணிக் கொடுக்கிற தொழிலும் நடந்தது. போகத்துக்குப் போகம் வெறும் போத்தலும் தகர ரின்னும் கடைக்குப் பின்னால் மலையாகக் குவியும். பற்றரி கழுவிய அசிட் மண்ணைச் சுட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு இறங்கும். ஒருநாள் ஒரு பசுக்கன்று ரின் ஒன்றை நக்கிவிட்டு அந்த இடத்திலேயே விழுந்தது. கன்று கதிர்காமநாதனுடையது. அதனால் விஷயம் திட்டத்து விவசாயிகளின் சங்கத்துக்கு வந்தது.

கமக்காரர் சங்கத் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார். கொழும்பில் நஞ்சு மருந்துகளுக்குப் புதிய சட்டம் வந்த அடுத்த வருஷம் அது. வவுனியாவில் நடந்த கூட்டத்துக்குப் போய்வந்த தலைவர், பஸ்ஸால் இறங்கும்போதே விதிகளோடு இறங்கினார். மருந்து விற்கிறவர் வெறும் ரின்னைக் கடையில் குவிக்கக் கூடாது; அசிட்டைப் பீப்பாவில்தான் ஊற்றி வைக்க வேண்டும்; இதுகளை ஏற்றிப் போகிறவர் சங்கத்தில் அனுமதி எடுக்க வேண்டும்; வண்டிப் பெட்டியைப் படங்குச் சீலை போட்டு மூட வேண்டும்; பின்னால் சிவப்புத் துணி கட்ட வேண்டும்; பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ஓடக்கூடாது; கோயிலடியில் நிற்பாட்டக் கூடாது; றைவர் வெற்றிலை சப்பக் கூடாது; எல்லைக்கல்லைத் தாண்டியதெல்லாம் வெளிச்சரக்கு, வெளி நஞ்சு எந்தக் காரணம் கொண்டும் திட்டத்துக்குள் வரக்கூடாது. குறை சொல்லக்கூடாது, விதிகளில் ஒரு பிழையும் இல்லை. நிரம்பியிருக்கும்போது மருந்தாக உள்ளே வந்தது, முடிந்ததும் எப்படி நஞ்சானது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ஏற்றுகிற வேலை இளையதம்பிக்குக் கிடைத்தது. திட்டத்தில் உழவு மெசினும் அதன் பின்னால் கொழுவுகிற பெட்டியும் வைத்திருந்தவன் அவன்தான்.

"எல்லைக்கல்லு வரைக்கும் சிவப்புத் துணி அவிழக்கூடாது, விளங்குதோ?" என்றார் தலைவர்.

"விளங்குது ஐயா. அதுக்கங்காலை?"

"அங்காலை நீர் சுதந்திரப் பிரசை."

"அப்ப வெத்திலையும் போடலாம்."

"வெத்திலை என்ன, வேட்டியை அவிட்டுத் தலைப்பாகை கட்டினாலும் அது எங்கட எல்லைக்குள்ளை இல்லைப் பாருங்கோ."

கூட்டம் சிரித்தது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இளையதம்பி படங்கு மூடி, சிவப்புத் துணி கட்டி, கோயிலடியில் நிற்காமல், பக்குவமாக மெசினை ஓட்டிப் போனான். கல்லைத் தாண்டியதும் படங்கை இழுத்தான், வெற்றிலையைப் போட்டான், ஓடைக் கரையில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு வந்தான். இப்படிப் பலமுறை நடந்தது. திட்டம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது.

மாரிக்குக் கொஞ்சம் முந்தி ஒருநாள், மலைநாட்டுக் குடியிருப்பிலிருந்து வடிவம்மா தங்கம்மாவின் வாசற்படலைக்கு வந்தார். இரண்டு பேரும் ஒன்றாகக் களை பிடுங்கிய பழக்கம்.

"அம்மா, ஒங்க ஐயா அனுப்புற சாமானெல்லாம் எங்க ஓடையோரம் குமிஞ்சு கெடக்குதுங்க. தண்ணி மேல எண்ணெ மாதிரி மினுங்குது. கால வச்சா எரியுது."

"குடிக்கிறதுக்கு என்ன செய்யிறியள்?"

"பக்கத்துல மணலத் தோண்டி ஊத்து வச்சிருக்கோம். அதுல இன்னும் வாட வரலைங்க. மழ எறங்கிருச்சுன்னா ஓடையும் ஊத்தும் ஒண்ணாயிரும். பொறகு புள்ளைங்களுக்கு எதக் குடுக்கிறது? தோட்டத்த விட்டு ஒருக்கா ஓடி வந்தோம். இனி எங்கிட்டு ஓடுறது சொல்லுங்க."

"அவர் என்ரை ஐயா இல்லை. தங்கச்சியின்ரை மனுசன். என்னிலை ஏன் பிழை சொல்லுறாய்?" என்றார் தங்கம்மா. சொன்ன பிறகுதான் தானும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டது விளங்கியது. பாருங்கள், இது தொற்றும். தங்கம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அப்படியே மூலைக் காணிக்கு நடந்தார்.

கதிர்காமநாதன் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

"தம்பி, அந்த ஓடையடியிலை சனம் இருக்குது."

"இருக்கட்டும் மச்சாள். நான் வேண்டாமெண்டு சொன்னனானோ?"

"நீங்கள் அனுப்புற நஞ்சும் அங்கைதான் கிடக்குது."

"நான் எல்லைக்கல்லு வரைக்கும்தான் அனுப்பினனான். அங்காலை கொண்டு போனது இளையதம்பி."

"இளையதம்பி எங்கை கொண்டுபோய்க் கொட்டுறான் எண்டு ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"அது எங்கட எல்லைக்குள்ளை இல்லைப் பாருங்கோ."

நேசமலர் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். "அக்கா, இவரோடை கதைக்கிறதெண்டால் முதல்லை எல்லைக்கல்லுக்கு இஞ்சாலை நிண்டு கதைக்கோணும். அங்காலை காது கேளாது."

"நீர் சும்மா இரும்" என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டுக் கதிர்காமநாதன் பெருந்தன்மையாகச் சாய்ந்தார். "மச்சாள், அந்தச் சனத்துக்குக் குறை இருந்தால் அவையும் ஒரு சங்கம் வைக்கட்டும். அவையும் விதி போடட்டும். நான் விதியை மதிக்கிற மனுசன். ஆர் போட்டாலும் மதிப்பன்."

இந்தப் பிறவியின் பலவீனம் இதுதான், வாசகரே. மற்றவர்கள் சங்கம் வைக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இது மிகவும் பெருந்தன்மையாகக் கதைக்கும்.

தங்கம்மா தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். குடித்துவிட்டு அந்த வசனத்தைச் சிந்தாமல் சிதறாமல் வடிவம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கிழமையே ஓடையடியில் சங்கம் வந்தது. தலைவர் வடிவம்மாவின் புருஷன் நல்லதம்பி. விதி ஒன்றே ஒன்று: வெளி நஞ்சு உள்ளே வரக்கூடாது. கதிர்காமநாதனின் விதியையே சொல்லுக்குச் சொல் எடுத்திருந்தார்கள். எல்லை எதுவென்றால், கல்லுக்கு அங்காலை ஒரு கூப்பிடுதூரத்தில், ஒழுங்கைக்குக் குறுக்கே கட்டிய ஒரு கயிறு. கயிற்றில் ஒரு சிவப்புத் துணி.

அடுத்த தடவை இளையதம்பி பெட்டி நிறைய ரின்னும் அசிட் பீப்பாவுமாகக் கல்லைத் தாண்டி, வெற்றிலைக்கு மடியைத் தடவும்போதே கயிற்றைக் கண்டான். கயிற்றுக்கு அங்காலை நல்லதம்பியும் வடிவம்மாவும் குடியிருப்புச் சனமும் நின்றார்கள். சத்தமில்லை, சண்டையில்லை.

"அண்ணே, அனுமதி இருக்குதா?" என்று நல்லதம்பி கேட்டார்.

"தலைவர் ஐயா தந்தவர்."

"அது ஒங்க சங்கம். எங்க சங்கத்து அனுமதி?"

"உங்கட சங்கத்திலை எப்ப அனுமதி தருவினம்?"

"தரமாட்டோம்ணே. அதுக்குத்தான் சங்கம் வச்சது" என்றார் வடிவம்மா.

இளையதம்பி மெசினைத் திருப்பினான். கல்லடியில் கதிர்காமநாதன் நின்றார்.

"உள்ளுக்கு வரேலாது. வெளிச்சரக்கு."

"ஐயா, இது உங்கட சரக்கு. இப்பதான் உள்ளையிருந்து கொண்டு போனனான்."

"கல்லைத் தாண்டினாப்பிறகு வெளிச்சரக்கு. விதி விதிதான். நானே மீறினால் மற்றவை என்ன செய்வினம்?"

இளையதம்பி அவரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். இறங்கிப் பெட்டியை மெசினிலிருந்து கழற்றினான். "மெசின் நஞ்சில்லைத்தானே? இது உள்ளை வரலாம்தானே?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். பெட்டி நின்றது. எங்கே நின்றது? கல்லுக்கும் கயிற்றுக்கும் நடுவில், ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒழுங்கையில், கதிர்காமநாதனின் வேலிக்கு அங்காலை. அவருக்கு இதைவிடத் திருப்தியான இடம் உலகத்தில் இருக்க முடியாது.

அன்றைக்குப் பின்னேரம் காற்று மாறியது.

மணம் முதலில் குசினிக்குள் வந்தது. பிறகு சாமியறைக்கு. கதிர்காமநாதன் அது எருமை மணம் என்றார். பிறகு வயல் மணம் என்றார். ஒழுங்கை மேடு, அவருடைய கிணறு பள்ளம் என்பதை நேசமலர்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தமக்கை வீட்டுக்கு நடந்தார்.

"எங்கை போறீர்?"

"அக்கா வீட்டுக் கிணத்திலை தண்ணி அள்ள. மழை வந்தால் உந்தப் பெட்டி எங்கட கிணத்துக்குள்ளைதான் வடியும். உங்கட விதி தண்ணிக்குத் தெரியுமோ?"

வடக்கே கறுத்துக் கட்டிக்கொண்டு வந்தது. கதிர்காமநாதன் முதலில் கயிற்றடிக்குப் போய், கயிற்றைக் கொஞ்சம் தள்ளிக் கட்டலாமோ என்று கேட்டார். எவ்வளவு தள்ளி என்று நல்லதம்பி கேட்டார். ஓடை வரைக்கும் என்றார் இவர். "எங்க எல்லைய நீங்க எப்படிங்க ஐயா தள்ளுவீங்க?" என்று நல்லதம்பி மரியாதையாகத்தான் கேட்டார். கதிர்காமநாதன் அவசரமாகக் கூட்டம் கூட்டினார். கூட்டத்தில் ஒருவர் பெட்டியைக் காட்டுக்குள் விடச் சொன்னார், ஒருவர் பெரிய வீதி ஓரத்தில் விடச் சொன்னார், ஒருவர் மல்லாவிப் பக்கம் விடச் சொன்னார். அப்படிச் சொன்னவருக்கு மல்லாவியில் ஒரு காணி வழக்கு இருந்தது.

தங்கம்மா பின்வரிசையிலிருந்து எழும்பினார். "உதுகளை இஞ்சை கொண்டுவந்தது ஆர்?"

"மருந்துக் கொம்பனி லொறி. அசிட்டும் அதிலைதான் வாறது" என்றார் வீரகத்தி.

"அது திரும்பிப் போகேக்கை என்ன ஏத்திக்கொண்டு போகுது?"

"ஒண்டும் இல்லை. வெறும் லொறி."

"அப்ப கொண்டு வந்தவையே கொண்டு போகட்டும். நிரம்பினதைத் தந்தவைக்கு வெறுமையை எடுக்கக் கை நோகுமோ? வீரகத்தி, நீர் சொல்லும். உமக்குப் பெண் தந்தது என்ரை பெரியம்மாவின்ரை வீடு. பழசை ஏத்தாமல் புதுசை இறக்கவிடன் எண்டு சொல்லும்."

வீரகத்தி கூரையைப் பார்த்தார். பெரியம்மா வீட்டை நினைத்துக்கொண்டு தலையாட்டினார். ஓடைக்கரையில் முந்திக் கொட்டியதையும் அள்ளினால்தான் கயிறு அவிழும் என்று கயிற்றடியிலிருந்து வடிவம்மா சொல்லி அனுப்பினார். அதற்கும் தலையாட்ட வேண்டியிருந்தது.

அடுத்த நாள் காலமை லொறி வந்தது. றைவர் முறைத்தார், வைதார், கடிகாரத்தைப் பார்த்தார். வீரகத்தி கடைக் கதவைத் திறக்கவேயில்லை என்றதும் றைவர் இணங்கி வந்தார். திட்டத்துச் சனமும் ஓடையடிச் சனமும் கைக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டு, ஓடைக்கரைக் குவியலை ரின் ரின்னாகப் பொறுக்கி ஏற்றினார்கள். பெட்டியில் இருந்ததும் ஏறியது. மழைக்கு முந்தி முடிந்தது. ஓடையோரத்து ஊற்றை மூடிவிட்டு மேட்டுப் பக்கத்தில் வேறொன்று தோண்டினார்கள். தோண்டப் போனவர்களில் இளையதம்பியும் ஒருவன். வடிவம்மாவின் பிள்ளைகள் அந்த மாரி முழுக்க அதிலிருந்துதான் குடித்தார்கள். கதிர்காமநாதன் அன்றைக்கே ஒரு புதிய விதி போட்டார்: கொண்டு வந்தவரே கொண்டு போக வேண்டும். அது தன்னுடைய நெடுநாள் யோசனை என்று கூட்டத்தில் சொன்னார். நேசமலர் சிரிப்பை அடக்க வெளியே போனார்.

லொறி புழுதி கிளப்பிக்கொண்டு பெரிய வீதியில் ஏறியபோது இரண்டு எல்லையிலும் நின்ற சனம் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது. நீங்களும் விட்டீர்கள்தானே? பாரம் இறங்கிவிட்டது, கதை நல்லாய் முடிந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சுகம் வந்ததுதானே? இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்த லொறி எங்கே போய் இறக்கியது என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? யோசிக்கவில்லை என்றால் உங்கள் வீட்டு வேலியின் அடிக் கிடுகை ஒருக்கால் போய்ப் பாருங்கள். அடிக்கடி தூக்கிய கிடுகு கொஞ்சம் தொய்ந்திருக்கும்.

தங்கம்மாவுக்கு அந்த யோசனை வந்தது. அதனால்தான் லொறி புறப்படுமுன் நல்லதம்பியை றைவருக்குப் பக்கத்தில் ஏற்றி இருத்தினார். நல்லதம்பி மறுநாள் பஸ்ஸில் திரும்பி வந்து சொன்னார்: வழியில் றைவர் ஒரு காட்டோரம் வேகத்தைக் குறைத்தானாம், இவர் அவனுடைய முகத்தைப் பார்த்தாராம், அவன் திரும்பவும் வேகத்தைக் கூட்டினானாம். வவுனியாவில் கொம்பனிக் களஞ்சியத்தில் கடைசி ரின் இறங்கும்வரை இவர் வாசலில் நின்றாராம். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் வெளியே வந்து, "உதை ஏன் இவ்வளவு தூரம் சுமந்து கொண்டுவந்தனீங்கள்? வழியிலை எங்கையாவது தள்ளியிருக்கலாமே" என்று உண்மையான அனுதாபத்தோடு கேட்டாராம்.

பெட்டியை விடச் சொன்ன அதே மல்லாவியில்தான் கதிர்காமநாதன் இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்.